ஹால் (தற்காலிகம்)

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. வீடு மாற்றித் தரும் நிறுவனத்தின் படிவம். முதல் கட்டத்தில் பெட்டி எண், அடுத்த கட்டத்தில் 'புது வீட்டில் எந்த அறை'. அதை நிரப்பியவன் நான்தான். இருந்தாலும் கதையில் 'தம்பி' என்றே எழுதப்போகிறேன். 'நான்' என்று எழுதினால் முதல் பக்கத்திலேயே உங்களுக்கு என் மேல் கோபம் வந்துவிடும். 'தம்பி' என்றால் கொஞ்ச தூரம் தாங்கும்.

நாளைக் காலை எட்டு மணிக்கு லாரி. இப்போது பிற்பகல் மூன்று. இந்த வீட்டில் இன்னும் கட்டப்படாமல் இருப்பது ஒரு மேசை, ஒரு நாற்காலி, அதில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் நான்.

2

அக்கா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியபோது வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள்

(வேண்டாம். வீடு மாறும் கதையை அட்டைப்பெட்டியில் தொடங்க யாராலும் முடியும்.)

ஐம்பத்திரண்டு வயதில் தன் வாழ்க்கை மொத்தமும் ஆறே பெட்டிகளில் அடங்கிவிட்டது என்று ஒரு பெண்ணுக்குத் தெரியவரும்போது

(இதுவும் வேண்டாம். எழுதும்போதே எனக்கு மூக்கு அடைத்தது. அக்கா படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.)

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். போன வாரம் நிறுவனத்திலிருந்து சூப்பர்வைசர் வந்தார். எல்லா அலமாரியையும் திறந்து பார்த்தார், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார், கடைசியில் ஒரு சுருள் ஸ்டிக்கரைத் தம்பியின் கையில் கொடுத்தார்.

"சார், எங்க பசங்க உங்க பேச்சைக் கேக்க மாட்டாங்க, ஸ்டிக்கர் பேச்சைத்தான் கேப்பாங்க. சமையலறைன்னு எழுதி உங்க முதுகுல ஒட்டினா உங்களையே தூக்கிட்டுப் போய் அடுப்பு பக்கத்துல வெச்சிடுவாங்க."

"அப்போ எழுதுறவங்க பாத்து எழுதணும்," என்றாள் அக்கா.

அவளுக்கு அந்த ஆளைப் பிடித்துப்போனது. அக்காவுக்கு இருபத்திரண்டு வருடமாக லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. லேபிள் ஒட்டாமல் ஒரு குழாயைக்கூடக் கையை விட்டுக் கீழே வைத்ததில்லை. லேபிள் மாறினால் ஒருவருடைய சர்க்கரை இன்னொருவர் தலையில் விழும் என்பாள்.

சூப்பர்வைசர் போனதும் தம்பி படிவத்தோடு உட்கார்ந்தான். புது வீட்டில் மூன்று படுக்கையறைகள். ஒன்று அவனுக்கும் மனைவிக்கும். ஒன்று பரீட்சைக்குப் படிக்கும் மகளுக்கு. மூன்றாவதற்கு நேராக 'எழுத்தறை' என்று எழுதினான்.* அக்காவின் ஆறு பெட்டிகளுக்கு நேராக 'ஹால்' என்று எழுதினான். எழுதியதும் ஏதோ உறுத்தியது. அடைப்புக்குறி போட்டு 'தற்காலிகம்' என்று சேர்த்தான். உறுத்தல் நின்றுவிட்டது.

* பத்து வருடத்தில் தம்பி எழுதி அச்சில் வந்தவை நான்கு கதைகள். தனி அறை இருந்தால் நாற்பது வந்திருக்கும் என்பது அவன் கட்சி. அவன் மனைவி இதைப் பற்றிக் கருத்துச் சொல்வதை நிறுத்திப் பல காலம் ஆகிறது.

3

இந்த இடத்தில் எனக்கு அக்காவின் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. முதல் வரைவில் அவளை மெழுகுவர்த்தியாக உருக்கியிருந்தேன். தம்பிக்காகக் கல்யாணத்தைத் துறந்தவள், படிவத்தைப் பார்த்துவிட்டு ஒரு சொல் பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவள். கண்ணீர்கூட ஒரு சொட்டு விட்டிருந்தேன். அந்தத் தாள்களை மேசையிலேயே வைத்துவிட்டுக் குளிக்கப் போனதுதான் தப்பு.

"நான் எங்கடா கல்யாணத்தைத் துறந்தேன்?" என்றாள் அக்கா. "எனக்குப் பண்ணிக்கப் பிடிக்கல, பண்ணிக்கல. அதுக்கு உன்னை ஏன் நடுவுல இழுக்கறே?"

"கதைக்காகக்கா."

"அழவும் வெச்சிருக்கே. கதையில அழுதுட்டா நேர்ல கேக்க மாட்டேன்னு நினைச்சியா?"

நேரில் கேட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: சாத்திக்கொள்ள ஒரு கதவு. காலை ஆறு மணிக்கு லேபில் இருக்க வேண்டும். ஐந்துக்கு முன்பே எழுந்துவிடுவாள். அங்கே எட்டு மணி நேரம் நின்றபடியே, கத்துகிற குழந்தைகளின் கையில் நரம்பு தேடிவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் காலை நீட்டுவாள். இந்த வீட்டில் அவள் அறை சின்னது, வெளிச்சம் கம்மி, ஆனால் அதற்குத் தாழ்ப்பாள் உண்டு.

"ஹால்ல திரை போட்டுக்கலாம்க்கா. நல்ல தடிமனான திரை."

"திரைக்குப் பின்னாடி ஈசிஜி எடுக்கலாம். தூங்க முடியாது."

மகள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தன் அறையில் இன்னொரு கட்டில் முளைக்கும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். மனைவி மட்டும் சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, "ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. அதுவரைக்கும் நான் பாத்திரத்தைக் கட்டறேன்," என்றாள். அவள் எந்தப் பக்கம் என்பது பாத்திரம் விழுந்த சத்தத்தில் தெரிந்தது.

தம்பி என்ன பதில் சொன்னான் என்று கேட்பீர்கள். 'அப்புறம் பாத்துக்கலாம்' என்றான்.

4

(இங்கே தம்பியின் தரப்பு நியாயத்தை ஒரு பக்கம் எழுதியிருந்தேன். திரும்பப் படித்ததில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. எடுத்துவிட்டேன்.)

நேற்று மாலை தம்பி கடைக்குப் போய்த் திரும்பியபோது அக்காவின் ஆறு பெட்டிகளிலும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. லேபில் எழுதுகிற அதே குண்டு எழுத்து, கறுப்பு மையில்: 'அக்கா அறை'.

"படிவத்துல அப்படி ஒரு ரூமே இல்லையேக்கா."

"படிவத்தை யாரு பாக்கப் போறா? அவங்க ஸ்டிக்கரைத்தான் பாப்பாங்க."

தம்பி சூப்பர்வைசருக்குப் போன் போட்டான்.

"இல்லாத ரூம் பேர் ஒட்டியிருந்தா என்ன சார் பண்றது?" என்று அவர் அவனையே திருப்பிக் கேட்டார். "பெட்டியை வாசல்லயே நிறுத்திடுவோம். எந்தக் கதவுன்னு வீட்டுக்காரங்க வாயால சொல்லணும். சொன்னாத்தான் இறக்குவோம்."

ஆக நாளை மதியம் புது வீட்டு வாசலில், மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நான்கு பேர் அக்காவின் பெட்டிகளோடு நிற்பார்கள். தம்பி எல்லார் முன்னாலும் வாயைத் திறக்க வேண்டும்.

5

முடிவுகள். இரண்டு வைத்திருக்கிறேன்.

அ) தம்பி படிவத்தைக் கிழித்துப்போட்டு, "இதுதான்க்கா உன் ரூம்," என்று கதவைத் திறந்துவிடுகிறான். அக்கா அவன் தலையைக் கோதுகிறாள்.

ஆ) அக்கா ஆறு பெட்டிகளையும் வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு, லேபுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு அறை எடுத்துப் போய்விடுகிறாள். எழுத்தறையில் தம்பி வெற்றுத்தாளைப் பார்த்தபடி

இவற்றில் எது பொருத்தம் என்று வாசகர்களே தீர்மானிக்கட்டும் என்று எழுதி முடிக்கவிருந்தேன். அக்கா தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"முதல்ல சொன்னதுல நீ தர்மப்பிரபு. ரெண்டாவதுல நான் ரோஷக்காரி. ரெண்டுலயும் எனக்குன்னு ஒரு ரூம் நான் கேட்டு வாங்கினதா இல்லையே." நாற்காலியைச் சுற்றி முன்னால் வந்தாள். "அது போகட்டும். படிக்கிறவங்க கிட்ட என்னத்துக்குடா கேக்கறே? அவங்களா வந்து பெட்டி தூக்கப் போறாங்க?"

6

பிறகு அவள் செய்ததை மாற்றாமல் எழுதுகிறேன்.

சுருளிலிருந்து ஒரு ஸ்டிக்கரைக் கிழித்து அதில் ஏதோ எழுதினாள். நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்த மேசையின் இடது மூலையில் வைத்து, ஓரம் எழும்பாதபடி நான்கு பக்கமும் கட்டைவிரலால் தேய்த்தாள். 'ஹால்' என்று எழுதியிருந்தது. அடைப்புக்குறி எதுவும் இல்லை.

"அக்கா, இது என் மேசை."

"தெரியும்டா. ஹால்ல உக்காந்து எழுது. திரை வேணும்னா போட்டுக்கோ. நல்ல தடிமனா."

"நான் பிரிச்சிடுவேன்."

"பிரிச்சுக்கோ, யாரு வேணாம்னா? எங்க லேப்ல ஒட்டின லேபிளைப் பிரிக்கறவங்க பக்கத்துலயே முழுப் பேரை எழுதிக் கையெழுத்துப் போடணும். யாரு மாத்தினதுன்னு தெரியணுமில்ல? நீயும் போட்டுட்டுப் பிரி. தம்பின்னு எழுதாதே. உன் பேரை எழுது."

சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். இந்த நேரம் அவள் காலை நீட்டியிருப்பாள்.

ஸ்டிக்கரின் ஒரு மூலையை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். சுலபமாகத்தான் வருகிறது. பேனாவும் கையில்தான் இருக்கிறது. பெயரின் முதல் எழுத்தை மூன்று தடவை எழுதி மூன்று தடவை அடித்தேன். நெம்பிய மூலையைத் திரும்பவும் அழுத்தி ஒட்டிவிட்டேன்.

என்னால் முடியவில்லை. அந்த அறை தம்பிக்குத்தான் சேர வேண்டும், அக்கா ஹாலில் படுக்கட்டும் என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், இதோ கோடு போட்டிருக்கிறேன். முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஸ்டிக்கரை நான் பிரிக்கிறேன்.

பெயர்: ..............................................

அதுவரை சும்மா இருப்பானேன் என்று, மேசை டிராயரைக் காலி செய்துகொண்டிருக்கிறேன்.