வின்னி வெட்டிய வாசல்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. அந்தப் பொய்யை எழுதியவள் நான். எங்கள் கால்டர் பள்ளத்தாக்கில் ஊர் மண்டபம் வேண்டுமென்றால் படிவம் நிரப்ப வேண்டும். 'எதற்காக?' என்ற கட்டத்தில் ஒன்பது வருடமாக 'யோகா' என்று எழுதினேன். எங்கள் வட்டத்தின் ஏழு பேரில் என் முகத்துக்குத்தான் அந்தப் பொய் பொருந்தியது. யார்க்‌ஷயரில் ஒரு தமிழச்சி யோகா என்றால் மறுபேச்சே கிடையாது. எனக்குச் சூரிய நமஸ்காரம்கூட வராது.

நாங்கள் சூனியக்காரர்கள். வேறு சொல் தேடிப் பார்த்தேன்: இயற்கை வழிபாட்டினர், பழைய நெறியினர், மந்திர… போதும். எங்கள் வட்டத்து வின்னி தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாளோ அப்படியே எழுதுகிறேன். யாருக்கும் தீங்கு செய்யாதே என்பது எங்கள் சட்டம். உங்கள் ஊர் செய்வினையோடு போட்டுக் குழப்பிக்கொண்டால் அது உங்கள் பாடு.

2

முதல் தொடக்கம்: "மேகத்துக்குள் நிலா நழுவிய அந்த இரவில், ஆடையற்ற ஏழு பெண்கள்…"

(அடித்துவிட்டேன். சாயங்காலம் ஐந்து மணி. ட்யூப் லைட். ஏழு பேரில் இருவர் ஆண்கள். ஆடை விஷயம்: அக்டோபர் குளிர், ஹீட்டர் ரிப்பேர், ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர்.)

இரண்டாவது தொடக்கம்: வின்னிஃப்ரெட் சக்டன், அறுபத்து மூன்று வயது, பஸ் டிரைவர், மார்ச் மாதம் கணவன் டெஸ்மண்டை அடக்கம் செய்தாள்.

இதுதான் சரி. டெஸ்மண்ட் தச்சன். மண்டபத்தின் தரைப்பலகை முழுவதும் அவன் கைவேலை. இருபது வருடம் எங்கள் சடங்குகளுக்கு மேளம் தட்டியவன். அடக்கத்தன்று சர்ச்சில் அவனைப் பற்றிப் பேசியவர்கள் தச்சு வேலையைச் சொன்னார்கள், புறா வளர்த்ததைச் சொன்னார்கள், எங்களைச் சொல்லவில்லை. வின்னியும் வாயைத் திறக்கவில்லை. அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

அக்டோபர் கடைசி நாள், அந்த வருடம் இறந்தவர்களைப் பெயர் சொல்லி வட்டத்துக்குள் அழைப்போம். அவன் போட்ட தரையில் நின்று, ஒளிக்காமல், அவனை அழைக்க வேண்டும் என்றாள் வின்னி. படிவத்தை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"குடு இங்க. செத்தவனுக்காச்சும் உண்மையா இருப்போம்."

"மண்டபத்தையே பிடுங்கிருவாங்க, வின்னி."

"பிடுங்கட்டும். யோகாவாம் யோகா! என் முட்டியைப் பாத்தா எவன் நம்புவான்?"

'சூனியக்காரர்களின் சடங்கு' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

3

மண்டபக் குழுத் தலைவர் நெவில் ஹார்ஸ்ஃபாலை வில்லனாக்க மூன்று நாள் முயன்றேன். "அவர் கண்களில் ஒரு கொடூரம்…" இல்லை, சளிதான் இருந்தது. வின்னியோடு பள்ளியில் படித்தவர். ஜூனில் தங்கை ஆட்ரியைப் பறிகொடுத்தவர். படிவத்தைச் சடங்கு நாளன்று ஐந்து மணிக்குத்தான் பார்த்தாராம். நேரே வந்துவிட்டார்.

அதற்குள் வட்டம் போட்டாயிற்று. (வலம் வந்துதான் போடுவோம். கோயில் சுற்றிய கால்கள் என்னுடையவை, ஒருநாளும் தவறியதில்லை.) போட்டபின் அது எங்கள் சந்நிதி. உள்ளே வர, கத்தியால் காற்றில் ஒரு வாசல் வெட்ட வேண்டும். நெவில் வாசலாவது ஒன்றாவது என்று ஈர பூட்ஸோடு நடுவில் வந்து நின்றார். போட்ட வட்டம் கலைந்துவிட்டது.

"என்ன கூத்து இது, வின்னி? எல்லாரும் கிளம்புங்க. இன்னியோட மண்டபம் கிடையாது."

"முதல்ல நீ வெளிய போ நெவில்."

"நான் போறதா? மண்டபமே என் பொறுப்புல…"

"வட்டத்துக்கு வெளிய. வாசல் வழியா வரணும்."

"வாசல் வழியாத்தானே வந்தேன்!"

"அது மண்டபத்து வாசல். இது எங்க வாசல். சின்ன வயசுலயே உனக்குக் கதவைத் தட்டுற பழக்கம் கிடையாது. நகரு."

எத்தனை முறை மாற்றி எழுதினாலும் அவர் நகர்ந்தே விடுகிறார். வின்னியின் குரலுக்குப் பஸ்ஸில் குடிகாரர்களே இறங்கிப் போவார்கள்.

வட்டத்தை மறுபடி முதலிலிருந்து போட்டோம். வின்னி கறுப்புப் பிடிக் கத்தியை எடுத்ததும் நெவில் ஓரடி பின்வாங்கினார்.

"பயப்படாத. இதால வெங்காயம்கூட வெட்ட மாட்டோம்."

கீழிருந்து மேலே, குறுக்கே, மறுபடி கீழே என்று ஒரு வாசல் வெட்டினாள். வருகிறவரை ஒரு கேள்வி கேட்பது வழக்கம்.

"எதைக் கொண்டு வர்ற?"

முழு அன்பையும் முழு நம்பிக்கையையும் என்று சொன்னால் வரலாம். அது நெவிலுக்கு எப்படித் தெரியும்?

4

முடிவு அ: அவர் திரும்பிப் போகிறார். மறுநாள் மண்டபத்துக்குப் புதுப் பூட்டு.

முடிவு ஆ: தொப்பியைக் கழற்றி, "ஆட்ரி பேரையும் சொல்லுவீங்களா?" என்கிறார். எனக்கு ஆசை இதில்தான். அதனாலேயே இதை நான் நம்பவில்லை.

இரண்டுமே நெவிலின் முடிவுகள், அதுதான் கோளாறு. வின்னி அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாசலைத் திறந்தபடியே விட்டு, தரைப்பலகையைக் குதிகாலால் மூன்று முறை தட்டினாள்.

"டெஸ்மண்ட் சக்டன்! தச்சன். என் புருஷன். இந்தச் சூனியக்காரங்களுக்கு மேளம் அடிச்சவன். வாய்யா உள்ள!"

தெருவரை கேட்டிருக்கும். கேட்கட்டுமே! எனக்கு அழுகை வந்தது, பெருமையில் வந்த அழுகை. இனி அந்தக் கட்டத்தில் யோகா என்று எழுத என் கை வராது.

இஞ்சிக் கேக்கை எட்டுத் துண்டாக்கி வைத்திருந்தோம், ஒன்று டெஸ்மண்டுக்கு. வின்னி தன் துண்டைப் பாதியாகப் பிய்த்து வாசலுக்கு நேரே நீட்டினாள்.

"சொல்லு நெவில். எதைக் கொண்டு வர்ற?"

அவர் வாயைத் திறக்கிறார். நான் பேனாவை மூடுகிறேன். பதிலை நீங்கள் சொல்லுங்கள். ஒரே நிபந்தனை: இவ்வளவு நேரமும் நீங்களும் வெளியேதான் நிற்கிறீர்கள். வாசல் வழியாக வந்து சொல்லுங்கள்.