தேயாத கழுத்து

முனிரத்தினத்துக்குக் கழுத்தில் செயற்கை டிஸ்க் வைத்துப் பத்து வருடம் ஆகிறது. அந்தப் பத்து வருடமும் கழுத்துக்கு ஊழியம் செய்தவள் அவர் மனைவி பார்வதம்மா. ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் வண்டி பார்ப்பது அவள் வேலை. மனுஷர் துரை மாதிரி நேரே பார்த்துக்கொண்டு நிற்பார். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவார்.

அசைவதற்காகவே வைத்த டிஸ்க், கொஞ்ச நாளில் கழுத்தைத் தாராளமாக ஆட்டலாம் என்றுதான் டாக்டர் சொல்லி அனுப்பினார். இவர் தொழிற்சாலையில் முப்பது வருடம் பேரிங் மாற்றிய ஃபிட்டர் அல்லவா? கேட்பாரா?

"சுத்தற சாமான் சுத்த சுத்தத் தேயும். டாக்டருக்கு மெஷினைப் பத்தி இன்னா தெரியும்?" என்றார். அன்று முதல் கழுத்தை மிச்சம் பிடிக்க ஆரம்பித்தார். எலும்பு டாக்டருக்கே பாடம் எடுக்கிற மூளையை என்னவென்று சொல்வது!

இதோடு போயிருந்தால் பார்வதம்மா தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பாள். ஆனால் மகள் வாணிக்கும் கழுத்தில் டிஸ்க் பிதுங்கிவிட்டது. கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள். வலது கை விரல்கள் மரத்துப் போயிருந்தன. அதே மாதிரி செயற்கை டிஸ்க்கைப் போடலாம், தள்ளிப்போட்டால் கையில் பலம் குறையும் என்று அதே டாக்டர் எச்சரித்து ஏழு மாதம் ஆகிறது. வாணி அப்பாவைப் பார்ப்பாள், பின்வாங்குவாள்.

"போட்டுக்கினா நானும் இப்டித்தாம்மா ஆயிடுவேன்."

அவள் கையிலிருந்து டீ டம்ளர் நழுவி விழுந்த அன்று பார்வதம்மாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பத்து வருடப் பரிசோதனை என்று சொல்லி இருவரையும் பெங்களூருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

எக்ஸ்ரே எடுக்கக் குனியச் சொன்னால் முனிரத்தினம் மாட்டேன் என்றார். பார்வதம்மா போட்ட சத்தத்தில் இரண்டு விரற்கடை குனிந்தார்.

டாக்டர் படத்தைப் பார்த்தார். "டிஸ்க் வச்ச எடத்துலயே இருக்கு. தேய்மானமே இல்ல. ஆட்டாம வச்சதுல கழுத்துத் தசைதான் இறுகிப் போச்சு."

"பாத்தியா?" முனிரத்தினத்தின் முகம் பூரித்தது. "புதுசாவே வச்சிருக்கேன்!"

"நல்லா ஆட்டினவங்களுக்கும் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கு, சார். சிலருக்கு எலும்பு வளந்து அசைவு நின்னுடும், சிலருக்கு மறுபடி ஆபரேஷன் வேணும். அதை இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா தலையைத் திருப்பினதால அது வர்றதில்ல."

வாணி படத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ, அப்பா இப்டி ஆனது டிஸ்க்கால இல்லியா டாக்டர்?"

"இல்லம்மா."

"எனக்குப் போட்டுடுங்க."

முனிரத்தினம் நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினார். "பைத்தியமா உனக்கு? தினிக்கும் ரயில்ல குலுங்கற. பேசசொல்ல எல்லாம் தலையாட்டற. ரெண்டே வருஷத்துல தேஞ்சிபூடும்!"

பார்வதம்மா எழுந்து அவர் முன்னால் வந்தாள். எத்தனை வருடம்! எதிரே போய் நின்றால்தான் இந்த மனுஷர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"தேயட்டும்" என்றாள். "நீங்க புதுசா வச்சி இன்னா பண்ணப் போறீங்க? மேல போவசொல்ல கூட எடுத்துக்கினு போவப் போறீங்களா?"