நாகக்கன்னி கூடாரம்

ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழாவுக்குத் தான் வேலை பார்க்கும் கம்பெனி பொருட்காட்சி போடப்போவது தெரிந்ததுமே, சாந்தி மேரி வரதராசன்பேட்டையிலிருந்த அண்ணன் ஆரோக்கியசெல்வத்துக்குக் கடிதம் எழுதினாள். 'நாகக்கன்னி கூடாரத்தில் இருக்கிறேன். வந்து கூட்டிக்கொண்டு போ.'

எழுபத்தேழாம் வருடம், அந்தக் கம்பெனியில் ராட்டினம் சுற்றும் காசிநாதனை நம்பி வீட்டைவிட்டு வந்தவள் அவள். இரண்டே வருடத்தில் அவன் வேறொருத்தியோடு போய்விட்டான். போக்கிடம் இல்லாமல் அவள் கம்பெனியிலேயே தங்கிவிட்டாள். மேசைக்கடியில் உட்கார்ந்து, மேசை ஓட்டை வழியாகத் தலையை மட்டும் மேலே நீட்ட வேண்டும். கழுத்தைச் சுற்றி மேசைமேல் துணிப்பாம்பு சுருண்டு கிடக்கும்; பார்ப்பவர்களுக்குப் பெண் தலையும் பாம்பு உடம்புமாகத் தெரியும். அதுதான் வேலை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கூட்டத்தோடு கூட்டமாக அண்ணன் வந்தான். தோளில் நான்கு வயதுப் பெண் குழந்தை.

மைக் பிடித்த தங்கராசு வழக்கம்போலக் கேட்டான்: "பெண்ணே, உனக்கு ஏன் இந்தக் கதி?"

"பெத்தவங்க பேச்சை மீறினேன். சாபம் வாங்கினேன்."

தினமும் நூறு தடவை சொல்வதுதான். இன்று அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பா, அவங்களுக்குப் பசிக்காதா?" என்றது குழந்தை.

"பேசாம பாரும்மா."

ஆட்டம் முடிந்ததும் குழந்தையை வெளியே நின்ற மனைவியிடம் விட்டுவிட்டு அவன் கூடாரத்தின் பின்பக்கம் வந்தான். மரத்துப்போன கால்களை இழுத்துக்கொண்டு அவள் ஓடி வந்தாள்.

"பெட்டி கட்டி வெச்சிருக்கேண்ணே."

அவன் தரையைப் பார்த்தான். "நீ காலராவுல செத்துட்டேன்னு ஊர்ல சொல்லியாச்சு மேரி. வருசாவருசம் உனக்குப் பூசை வெக்கிறோம். தங்கச்சிக்கு இப்பத்தான் கல்யாணம் ஆச்சு. உன்னைக் கொண்டுபோயி நிறுத்தினா அவளைத் திருப்பி அனுப்பிடுவாங்க."

"அம்மா?"

"அம்மாவும் நம்பிட்டுத்தான் இருக்கு."

"அம்மாட்ட மட்டுமாவது சொல்லேண்ணே."

"இப்பத்தான் அழுது ஓஞ்சிருக்கு." அவள் கையைப் பிடித்தான், உடனே விட்டுவிட்டான். "நான் போறேன்."

"பாப்பா பேரு என்னண்ணே?"

"சாந்தி மேரி. உன் நெனப்பாத்தான் வெச்சோம்."

அடுத்த ஆட்டத்துக்கு மணி அடித்தார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தாள்.

திருவிழா முடிந்து, சாமான்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் பெரம்பலூருக்குப் புறப்பட்டன.

"உங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போவாருன்னியே?" என்றான் தங்கராசு.

"வரலீங்க" என்று சொல்லிவிட்டு, ராட்டினத்துப் பலகைகளுக்கு நடுவே இடம் பார்த்து உட்கார்ந்தாள்.