கூரைக்குள் எட்டாத ஆணை

தூதன் பிக்தூர் மூன்றாவது முறையும் ஆணையைச் சொல்ல வாயைத் திறக்காமலே திரும்பி வந்திருந்தான். அரசரின் கூடாரத்துக்குள் நுழையும்போது அவமானத்தில் காதெல்லாம் சுட்டது.

அரசரின் வாய்மொழியைக் கூரைக்குக் கீழே கேட்கக் கூடாது என்பது அந்த மலைநாட்டு வழக்கம். தூதன் வந்தால் எப்பேர்ப்பட்ட அதிகாரியும் வெட்டவெளிக்கு வர வேண்டும். போர்வையை இடுப்புக்கு இறக்கிவிட்டு, நின்றபடி கேட்க வேண்டும். ‘போர்த்திக்கொள்’ என்ற கடைசிச் சொல்லைத் தூதன் சொன்ன பிறகே உடம்பை மூடலாம். கேட்ட ஆணையை மீறினால் தலை போகும். கேட்காத ஆணைக்கு யாரைத் தண்டிப்பது? அம்ஹா அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அம்ஹா மேற்குச் சரிவின் அதிகாரி. கோட்டைக்குக் கல் இழுக்க என்று உழவர்களின் நாற்பது மாடுகளை ஓட்டிப் போனவன், சுவர் எழும்பி ஓராண்டாகியும் திருப்பித் தரவில்லை. பெருமழை நெருங்கிவிட்டது. இப்போது உழாவிட்டால் தெஃப் தானியம் விதைக்க முடியாது. சரிவு முழுக்கப் பட்டினிதான்.

“இந்தத் தடவை என்னவாம் அவனுக்கு?” என்றார் அரசர்.

“வயித்தால போகுதாம், மகாராஜா. வெளிய வர முடியலையாம். போன தடவை காய்ச்சல். அதுக்கு முந்தி முழங்கால்.”

அரசர் தேன்மதுக் குடுவையைத் தூக்கி எறிந்தார். “எதிரியெல்லாம் என் கால்ல விழுந்தான். நான் வச்ச ஆளு, நான் குடுத்த பதவி, என் சொல்லுக்கே கதவைச் சாத்துறானா? வீடு இருந்தாத்தானே உள்ள படுப்பான்? கூரையைப் பிரிடா!”

பிக்தூர் படையை அழைத்துப் போகவில்லை. உழவர்களிடம் சொன்னான், அதுவே போதுமானதாக இருந்தது. நான்கு பிள்ளைகளோடு தனியாக நிற்கும் வலத்தா முதல் ஆளாகச் சுவரில் ஏறினாள். அவளுடைய இரண்டு மாடுகளும் அந்த நாற்பதில் அடக்கம்.

“வருஷா வருஷம் கூலியில்லாம வேய்ஞ்சது நாங்கதானே. பிரிக்கவும் தெரியும்!” என்று புல்லைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி எறிந்தாள்.

உச்சிவேளைக்குள் கூரை தரையில் கிடந்தது. கட்டிலில் அம்ஹா கிடந்தான், கையில் பாதி கடித்த இறைச்சித் துண்டோடு. வயிற்றுப்போக்குக்காரன்!

“ஐயா, மேல பாருங்க. வானம் தெரியுதா? அப்ப நீங்க வெளியதான் இருக்கீங்க. எந்திரிங்க,” என்றான் பிக்தூர்.

அம்ஹா பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போர்வையை இடுப்புக்கு இறக்கினான்.

பிக்தூர் அரசரின் ஆணையைச் சொன்னான்: “உழவர்களின் நாற்பது மாடுகளுக்கும் இன்றே ஈடு செய்.”

அம்ஹா சிரித்தான். “மகாராஜா சொல்லு என் தலை மேல. ஆனா மாடு ஏதுப்பா? என் மக கல்யாணத்துல பாதி போச்சு, பாஸ்கா பண்டிகை விருந்துல மீதி. எலும்பு கிடக்கு, பொறுக்கிக்கச் சொல்லு. சரி சரி, முடி. குளிருது.”

வலத்தா கையிலிருந்த புல்லைக் கீழே போட்டாள். பிக்தூர் அவள் முகத்தைப் பார்த்தான். பதினோரு வருடத் தூது வேலையில் ஒரு சொல்லைக் கூட்டியதில்லை. கூட்டினால் நாக்கை அறுப்பார்கள். ஆனால் கடைசிச் சொல்லை எப்போது சொல்ல வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

“என்னடா, முடிஞ்சுதா?”

“இல்லீங்க. ஒரு சொல்லு பாக்கி. நாக்குல வரமாட்டேங்குது.”

அம்ஹாவின் கை போர்வைக்குப் போனது.

“தொடாதீங்க. இப்ப ஆணையைக் கேட்டுட்டீங்க. மூடினா மீறினதா ஆயிடும். இத்தனை பேர் சாட்சி.”

கை அப்படியே நின்றது. முதல் மழைத்துளி அவன் வெற்றுத் தோளில் விழுந்தது. வலத்தாவுக்கு அப்போதுதான் விளங்கியது: அந்தச் சொல் வரும்வரை அவன் ஆணைக்குக் கட்டுப்பட்டு நின்றாக வேண்டும், ஈடாக எதை எடுத்தாலும் தடுக்க முடியாது. நேரே அவன் லாயத்துக்குப் போய், கொழுத்த கோவேறு கழுதைகளை அவிழ்த்து ஓட்டி வந்தாள்.

“ஏய்! அது என் சவாரிக் கழுதைங்கடி! நாய்ப்பயலே, அந்தச் சொல்லைச் சொல்லித் தொலைடா!”

“சரிவு முழுக்க உழுது முடிக்கிறதுக்குள்ள ஞாபகம் வந்துடுங்க, ஐயா.”

உழவர்கள் கழுதைகளை இரண்டிரண்டாக நுகத்தில் பூட்டினார்கள். மொத்தம் ஏழு.

“ஒண்ணுக்கு ஜோடி இல்லையே,” என்றாள் வலத்தா. நுகத்தின் காலிப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடி அம்ஹாவை ஏற இறங்கப் பார்த்தாள்.