ஆபேல் மேஸ்திரிக்கு மேலே நின்ற லேத்து

1929ஆம் வருடம் மாசி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, குழித்துறையில் ஆபேல் மேஸ்திரியின் தலைமேல் விழுந்த ஒரு டன் எடையுள்ள லேத்து இயந்திரம், தலைக்கு ஒன்றரைச் சாண் உயரத்தில் நின்றுவிட்டது. அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் குறைவு. வாழைக்குலை விலை ஏறியிருந்தது.

ஆபேல் பஸ்களின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறவர். தேய்ந்த இரும்பைக் கடைந்தெடுக்க ஒவ்வொரு தடவையும் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பது அவருக்குச் சலித்துவிட்டது. குளச்சலில் மூடிப்போன ஒரு கயிற்று ஆலையில் இரும்பு கடையும் லேத்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டு அதை வாங்கினார். வீட்டை ஒட்டிய வண்டிப்புரையில் கருங்கல்லும் சுண்ணாம்பும் இட்டு மேடை கட்டினார். அதில் நாலு போல்ட்டு நட்டார். கழற்றக்கூடிய பாகங்களையெல்லாம் கழற்றிச் சாக்கில் சுற்றி முந்தின வாரமே கொண்டுவந்துவிட்டார். லேத்தின் உடலை இறக்குவதற்குத் தேங்காப்பட்டணத்திலிருந்து சேக் மைதீனை வரவழைத்தார். தோணிகளைக் கரையேற்றுவதில் அந்தக் கரையில் மைதீனுக்கு மிஞ்சின ஆள் கிடையாது. அன்று காலை ஆபேல் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தி, உருளைக்கும் பலகைக்கும் இடையில் விரலை விடக்கூடாது, தொங்குகிற சாமானுக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் யாரும் போகக்கூடாது என்று மூன்று தடவை சொன்னார்.

மைதீன் மூன்று தேக்குக் கம்புகளைக் கூட்டிக் கட்டிச் சங்கிலிக் கப்பியை மாட்டினார். லேத்து மாட்டுவண்டியிலிருந்து எழும்பியது. வண்டியை இழுத்து மாற்றிவிட்டுக் கீழே பலகை விரித்து உருளைகளைப் போட்டார்கள். ஓர் உருளை கோணலாகக் கிடந்தது. ஆபேல் குனிந்து உள்ளே போனார். கஞ்சிப் பானையோடு அடுக்களை வாசலில் நின்ற அவர் மனைவி நேசபாய், "இஞ்ச பாருங்க, கீழ போவாதீங்க," என்றாள்.

"ஒரு நொடி, ஏட்டி."

சங்கிலி அப்போதுதான் அறுந்தது.

நேசபாய் கண்ணைத் திறந்தபோது ஆபேல் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். லேத்து அவர் தலைக்கு மேலே சற்றுச் சரிந்து, எதன்மேலும் தாங்காமல் நின்றது. அவர் மெல்ல வெளியே நடந்தார். அதுவும் கூடவே வந்தது. கிணற்றடிக்குப் போனார், வந்தது. மைதீன் பன்னிரண்டு ஆட்களைக் கூட்டிவந்து கடப்பாரையால் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. வடத்தை அதில் சுற்றித் தென்னைமரத்தில் கட்டி, ஆபேலை முன்னால் நடக்கச் சொன்னார்கள். பத்தாவது எட்டில் தென்னை வேரோடு வந்தது. லேத்தை அங்கேயே விட்டுவிடலாம் என்று ஆபேல் மேடையின்மேல் படுத்து, பிறகு புரண்டு இறங்கிப் பார்த்தார். உயரம் மாறாமல் அதுவும் அவரோடு நகர்ந்து வந்தது. சாயங்காலம் களைத்துப்போய் வீட்டுக்குள் நுழைந்தபோது வாசல் நிலையும் பதினொரு வரி ஓடும் உடைந்தன. அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குள் போகவில்லை.

தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்து நீளமும் அகலமும் அளந்து எழுதிக்கொண்டு போனார். ராஜபாட்டையில் நடக்கும்போது பிற ஜனங்களுக்கு மூன்று கஜம் விட்டு நடக்கவேண்டும் என்று இரண்டு மாதம் கழித்துக் காகிதம் வந்தது. பஸ்ஸில் அவரை ஏற்ற வழியில்லை. கோயிலுக்கு வெளியே மணலில் அவர் உட்கார்ந்தார். போதகர் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்துச் சத்தமாகப் பிரசங்கம் செய்தார். பஸ்காரர்கள் எஞ்சினை முற்றத்தில் இறக்கிவிட்டு விலகிக்கொள்ள, அவர் அரத்தை வைத்துக் கையால் ராவிச் சரிசெய்தார். மேலேயிருந்து எண்ணெய் சொட்டி அவர் சட்டைகளின் தோள் எப்போதும் கறுத்திருந்தது.

அது இறங்குகிறது என்பதை இரண்டாம் வருடத்தில் நேசபாய்தான் கண்டாள். தூரத்தில் நின்று ஈர்க்கிலைக் கண்ணுக்கு நேரே பிடித்து அளந்தாள். வருடத்துக்கு இரண்டு விரற்கடை. அவள் அவரிடம் சொல்லவில்லை. அவரும் தனியாக அளந்துகொண்டிருந்தார், அவளிடம் சொல்லவில்லை.

அவளை அதன் கீழே வர அவர் ஒருநாளும் விடவில்லை. சோற்றுத் தட்டை ஒரு பலகையில் வைத்து அவள் தள்ளுவாள், அவர் இழுத்துக்கொள்வார். பிள்ளைகள் இல்லை, இனி இருக்கவும் வழியில்லை என்பது இரண்டுபேருக்கும் தெரிந்தது. ஒன்பது வருடம் அவர் அவள் கையைத் தொடவில்லை.

நோன்புப் பெருநாள் முடிந்த வாரம் சேக் மைதீன் தவறாமல் வருவார். லேத்தின் நிழலுக்கு வெளியே சம்மணமிட்டு உட்காருவார்.

"சங்கிலிய ஒவ்வொரு கண்ணியா நாந்தான் பாத்தேன் மேஸ்திரி. நல்லாத்தான் இருந்துது."

"நல்லாத்தான் இருந்துது மைதீனே. நான்லா கீழ போனேன்."

பிறகு கட்டஞ்சாயா குடித்துவிட்டு எழுந்து போவார். எல்லா வருடமும் இதே பேச்சுதான்.

1938 தொடக்கத்தில் லேத்தின் அடிப்பாகம் ஆபேலின் தலைமுடியைத் தொட்டது. அவர் கழுத்தைச் சாய்த்து நடக்கப் பழகினார். ஆனி மழையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்தார். வைத்தியர் நெருங்கப் பயந்து தூரத்திலிருந்தே நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறி அவர் பிதற்றத் தொடங்கியதும் நேசபாய் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு நேரே லேத்தின் கீழே நடந்து போனாள்.

அவருக்கு அந்த அளவுக்கு நினைவு இருந்தது. "ஏட்டி, வெளிய போ. சொன்னாக் கேளு."

"ஒம்பது வருசம் வெளிய நிண்ணாச்சு. இனி எனக்கு ஏலாது."

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்தாள். எண்ணெய்ப் பிசுக்கை நெற்றியிலிருந்து துடைத்தாள். அவர் மறுபடி போகச் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அரம் பிடித்துக் காய்த்த உள்ளங்கை, காய்ச்சலில் கொதித்தது. அப்படியே இரண்டு நாள் இருந்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் மழை விட்டிருந்த நேரத்தில் ஆபேல் இறந்துபோனார்.

ஆள் போனதும் லேத்து விழும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். செய்தி கேட்டு வந்த மைதீன் கைகளை நீட்டியபடி, "தங்கச்சி, மெதுவா வெளிய வந்திரு," என்று கெஞ்சினார். நேசபாய் புருஷன் தலையைத் தலையணையில் வைத்து, கண்களை மூடிவிட்டு, முற்றத்தைக் கடந்து ஆறு எட்டு வந்தாள். லேத்து கட்டிலை விட்டு நகர்ந்து அவளோடு வந்தது.

மைதீன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நேசபாய் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவள் புருஷனைவிட ஒரு சாண் குள்ளம். அது இறங்க இன்னும் ஆறு வருடத்துக்கு இடம் இருந்தது. சவப்பெட்டியைச் சுமந்தவர்கள் மூன்று கஜம் முன்னால் நடந்தார்கள். அவள் பின்னால் தனியாகப் போனாள். வழியில் தாழ்ந்திருந்த மரக்கொம்பு ஒன்றை யாரோ முன்கூட்டியே வெட்டிவைத்திருந்தார்கள்.

மறுநாள் அவள் அடுப்பை முற்றத்துக்கு மாற்றினாள். பக்கத்து வீட்டு ராஜபாய் நாலு வற்றல் மிளகாய் கேட்டு வந்தாள். நிழலுக்கு வெளியே நின்று, கையை நீட்டி வாங்கிக்கொண்டு போனாள்.