ஜனாதிபதியின் கும்பாரே

யோசனை சொன்னவன் கிறிஸ்புலோதான். பிற்பாடு அவன் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

அறுப்பு முடிந்த களத்தில் ஆறு வாரக்குடிகளும் உட்கார்ந்திருந்தார்கள். நிலக்காரர் தோன் செவெரினோ ஆறு பேருக்கும் ஒரே மாதிரிக் காகிதம் அனுப்பியிருந்தார். அடுத்த பட்டத்திலிருந்து டிராக்டர் வாங்கித் தானே உழப்போகிறாராம்; வயலை விட்டுவிட வேண்டுமாம். புதுச் சட்டப்படி பங்கு கேட்டதற்கு இதுதான் பதில் என்று எல்லாருக்கும் தெரியும். சொந்த எருமையும் கலப்பையும் வைத்து உழுகிறவனுக்குப் பாதிக்கு மேலே பங்கு என்று சட்டம் சொன்னது. அதே சட்டம், நிலக்காரன் இயந்திரம் வைத்து உழுவதானால் குடியைக் கிளப்பலாம் என்றும் ஒரு மூலையில் சொல்லிவைத்திருந்தது. ஏழைக்குக் கதவு வைக்கிறவர்கள் பணக்காரனுக்கு ஒரு ஜன்னல் வைக்க மறப்பதில்லை.

கையில் ஒரே ஒரு பிடி இருந்தது. அந்த ஆறு பேரில் ஒருவனான மக்காரியோ, தோன் வீட்டுக்கு விறகு கொண்டுபோன அன்று, தாழ்வாரத்தில் அவர் மைத்துனரிடம் சொல்லிச் சிரித்தது அவன் காதில் விழுந்திருந்தது. "டிராக்டராவது மண்ணாவது. இவனுங்க கிளம்பினாப் போதும்." இதைக் கபனதுவான் பட்டணத்துக் கோர்ட்டில் சொன்னால் ஆறு வயலும் தங்கும். சொல்லாவிட்டால் ஆறும் போகும். கேட்டவன் அவன் ஒருவன்தான்.

"அண்ணே, அண்ணிக்கு மாசம் ஆயிடுச்சுல்ல?" என்றான் கிறிஸ்புலோ.

"அதுக்கென்ன இப்ப?"

"புள்ளைக்கு ஞானத்தகப்பனா பிரசிடெண்டையே கூப்பிடு. அவரு உனக்குக் கும்பாரே ஆயிட்டார்னு வையி, தோன் உன் நிழலத் தாண்டவே யோசிப்பான்."

பெற்றவனும் ஞானத்தகப்பனும் ஒருவருக்கொருவர் கும்பாரே; ரத்த உறவுக்குச் சமம். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு யாரும் அதை விட்டுவிடவில்லை. இந்த ஜனாதிபதி அப்படிப்பட்டவர் என்று பேச்சு. ஓட்டுக் கேட்க வந்தபோது வாய்க்காலைத் தாண்டிக் குதித்து வந்தார். வாழையிலையில் கையால் அள்ளித் தின்றார். மக்காரியோவின் சேற்றுக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத் தன் கையைத் துடைக்காமலே போனார். குறை இருந்தால் எனக்கே தந்தி அடியுங்கள் என்று சொல்லியிருந்தார். ஜப்பான்காரன் சண்டை முடிந்து பத்து வருஷமாக யார் யாரோ வந்து என்னென்னவோ சொன்னார்கள். கையைத் துடைக்காதவர் இவர் ஒருவர்தான்.

ஆகவே பிள்ளை பிறந்ததும் மக்காரியோ எழுதினான். பள்ளிக்கூடத்து நோட்டிலிருந்து கிழித்த தாளில், வரிக்கு வரி கோணலாக. வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதல் கடிதத்திலேயே அழுதால் மரியாதை இல்லை என்று கிறிஸ்புலோ சொல்லிவிட்டான்.

பதில் வந்தது. முத்திரை வைத்த கனத்த காகிதம். குழந்தைக்கு ஞானத்தகப்பனாக இருக்க ஜனாதிபதி மகிழ்ச்சியோடு சம்மதிக்கிறார். நாட்டு வேலையால் நேரில் வர முடியாது. அவர் சார்பில் ஒருவர் வந்து நிற்பார். காகிதம் வீடு வீடாகப் போய், மீன் குழம்புக் கறையோடு திரும்பி வந்தது. மூன்று ஞாயிறு வரை ஊரில் மக்காரியோவுக்கு வழிவிட்டு நடந்தார்கள். தோனின் காரியக்காரன்கூடத் தொப்பியைத் தொட்டான்.

நாலாம் ஞாயிறு கோயிலில் ஞானஸ்நானத் தொட்டியருகே மெழுகுவர்த்தியோடு நின்றவர் தோன் செவெரினோ.

மக்காரியோ பங்குச் சாமியாரிடம் போய் மெதுவாகக் கேட்டான். "சாமி, இவர் எதுக்கு இங்க?"

"பிரசிடெண்டு சார்பா நிக்கிறார்."

"யார் சொன்னது?"

"மணிலாவுலேருந்து கட்சி ஆபீசுக்குச் சொல்லியிருக்காங்க. நம்ம ஊர்ல அவங்க கட்சிக்குத் தலைவர் யாரு? இவர்தானே." சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்ததா ரெண்டு கல்யாணம் இருக்குப்பா. நிக்கச் சொல்லட்டா, போகச் சொல்லட்டா?"

மக்காரியோ திரும்பிப் பார்த்தான். பின்னால் ஊரே நின்றது. போகச் சொன்னால் அது தோனைப் போகச் சொன்னதாகாது, ஜனாதிபதியின் முகத்தில் கதவைச் சாத்தியதாகும். மனைவி பெலாஹியா குழந்தையை மார்போடு அணைத்தபடி அவனையே பார்த்தாள். தோன் கை நீட்டினார்.

"புள்ளையக் குடுங்க கும்பாரே. கழுத்து சாயுது பாருங்க."

அது வரைக்கும் 'டேய்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

மத்தியானம் தோன் வீட்டிலிருந்து ஒரு முழுப் பன்றி சுட்டு வந்தது. ஆறு குடும்பமும் தின்றது. காது மொறுமொறுப்பாக இருக்கும் என்று கிறிஸ்புலோ இரண்டு காதையும் எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டு, எண்ணெய் வாயோடு கேட்டான். "கோர்ட்டுல சொல்லுவல்ல?"

"சொல்லுவேன்."

"இல்ல, இப்ப அவரு உனக்கு கும்பாரே..."

"என் கும்பாரே மணிலாவுல இருக்காரு. இவரு வெறும் கை. கடன் வாங்கின கை."

"அத உன் பொண்டாட்டிகிட்டக் கேளு," என்று சொல்லிவிட்டு எலும்பை நாய்க்குப் போட்டான்.

பெலாஹியாவிடம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வழக்குக்கு முந்தின நாள் சோறு போடும்போது அவளே ஆரம்பித்தாள்.

"கும்பாரேயக் கோர்ட்டுல ஏத்தினவன் புள்ள நல்லா இருந்து பாத்திருக்கியா?"

"அவரு கும்பாரே இல்லடி. எத்தன தடவை சொல்றது."

"மெழுகுவர்த்தி யாரு கையில இருந்துச்சு?"

அவன் சோற்றைப் பிசைந்தான்.

"புள்ள தலையில யாரு கை இருந்துச்சு? காகிதம் எழுதினவரு கையா? அவருக்கு நம்ம புள்ள பேரு தெரியுமா?" அவள் குரல் ஏறவில்லை. அதுதான் அவனைச் சுட்டது. "ரெண்ட மண்ணுல போட்டுட்டேன். இதையும் போடச் சொல்றியா?"

"வயலு போயிட்டா இதுக்கு எதைப் போட்டு வளப்ப?"

"அது புள்ள உசுரோட இருந்தாக் கேளு. செத்துப்போனா யாரை வளப்ப?"

குழந்தைக்கு அன்று இலேசாக உடம்பு சுட்டது. சும்மா சளிதான். ஆனால் மக்காரியோ ராத்திரி இரண்டு முறை எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

கோர்ட்டில் தோன் வெள்ளைச் சட்டையில் வந்து, வக்கீலைத் தாண்டி நேரே அவனிடம் வந்தார். எல்லாருக்கும் கேட்கும்படியாக விசாரித்தார். "ஞானமகனுக்கு ஜுரம்னு கேள்விப்பட்டேனே கும்பாரே. டாக்டரை அனுப்பட்டா?"

நீதிபதி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "சாட்சி, இவர் உனக்குக் கும்பாரேயா?"

"இல்லைங்க."

"பின்ன?"

"என் கும்பாரே பிரசிடெண்டுங்க."

முதலில் குமாஸ்தா சிரித்தார். பிறகு வக்கீல்கள். பிறகு பின் பெஞ்சில் இருந்த எல்லாரும். மக்காரியோ திரும்பினான். தன்னோடு வந்த ஐந்து பேரும்கூடச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், கிறிஸ்புலோ வாயைப் பொத்திக்கொண்டு. பாவம், அவர்களுக்கு அடக்க முடியவில்லை. சிரிக்காதவர் தோன் ஒருவர்தான். அவர் முகத்தில் இரக்கம் இருந்தது.

"சரிப்பா," என்றார் நீதிபதி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கோயில்ல நின்னது யாரு?"

"இவருங்க."

"டிராக்டர் வாங்கப்போறதில்லன்னு இவர் சொல்லி நீ கேட்டதா மனுவுல இருக்கு. கேட்டியா?"

மக்காரியோ வாயைத் திறந்தான். விறகுக் கட்டு தோளை அறுத்ததுகூட நினைவில் இருந்தது. மைத்துனரின் சுருட்டு வாடை நினைவில் இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் அப்படியே இருந்தது. நெற்றியின் சூடும் உள்ளங்கையில் அப்படியே இருந்தது. சிரிப்பு இன்னும் முழுதாக அடங்கவில்லை. சிரிக்கிறவர்களுக்காகவா பிள்ளையைப் பணயம் வைப்பது என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. பிற்பாடு அவன் அந்தக் குரலைத்தான் அதிகம் திட்டினான். பயத்தை மன்னிக்கலாம்.

"தூரத்துல இருந்தேங்க. சரியாக் காதுல விழலை."

அவ்வளவுதான் வழக்கு. வெளியே வந்து படியிறங்கும்போது கிறிஸ்புலோ பக்கத்தில் வந்தான். அடிப்பான் என்று மக்காரியோ நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பன்னி நல்லா இருந்துச்சுல்ல அண்ணே," என்றான் கிறிஸ்புலோ, அவ்வளவுதான்.

ஐந்து குடும்பத்துக்கும் தெற்கே மிந்தனாவோ தீவில் சர்க்கார் காடு தருகிறது என்று ஏற்பாடாயிற்று. நிலமில்லாதவர்களுக்கு ஜனாதிபதி கொண்டுவந்த திட்டம். சிபாரிசுக் கடிதம் ஐந்தையும் தோனே எழுதிக்கொடுத்தார். துறைமுகத்துக்குப் போகும் லாரி வந்த அன்று மக்காரியோ மூட்டை ஏற்ற நின்றான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. அவன் ஏற்றின மூட்டைகளை மட்டும் கிறிஸ்புலோவின் மனைவி கீழே இறக்கி, தானே திரும்ப ஏற்றினாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லாமல், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி.

மக்காரியோவின் வயலை மட்டும் தோன் எடுக்கவில்லை. "கும்பாரேய எப்படிக் கிளப்புறது, ஊரு என்ன சொல்லும்," என்றாராம். பங்கு பழையபடி பாதிக்குப் பாதி. சட்டத்தைப் பற்றி மக்காரியோ பேசவில்லை. கும்பாரேக்குள் அதெல்லாம் பேசுவது அழகில்லை. குழந்தைக்கு ஜுரம் இறங்கிவிட்டது. எப்படியும் இறங்கியிருக்கும்.

டிராக்டர் வரவில்லை. கோர்ட்டுக்குச் சொன்ன வார்த்தைக்காக ஒரு பட்டம் அந்த ஐந்து வயலும் தரிசாகக் கிடந்தன. மழைக்காலத்தில் வாய்க்கால் திறந்தார்கள். முன்பெல்லாம் ஆறு பேர் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். ஒரு நாழிகை கூடிவிட்டால் மண்வெட்டியைத் தூக்குவார்கள். இப்போது முறை கேட்க ஆள் இல்லை. வாய்க்கால் முழுவதும் மக்காரியோவின் வயலிலேயே வந்து விழுந்தது. நாற்று மூழ்கிவிட்டது. நடு மத்தியானம் அவன் தனியாக முழங்கால் தண்ணீரில் நின்று, வரப்பை வெட்டி, அதைக் கிறிஸ்புலோவின் களை மண்டிய வயலில் வடியவிட்டுக்கொண்டிருந்தான்.