ஓடிக்கொண்டிருந்த மோட்டார்

காலையில் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். காபி போட்டுக் குடித்தேன். நேற்றைய சோற்றில் மோர் ஊற்றி டிபன் பாக்ஸில் அடைத்தேன். மூடி சரியாக மூடாது. வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டுச் செல்லம்மாளிடம் கொடுத்தேன். என் மனைவி ரத்னா இருந்தவரை வீட்டைப் பூட்டியதில்லை. பென்னலூர் பட்டறைக்குச் சைக்கிளில் போனேன்.

வாசலில் ஓவர்சியர் பலராமன் நின்றிருந்தார். வெள்ள நிவாரணப் படகின் மோட்டார் கட்டைமேல் கிடந்தது. படகோட்டி அப்பாவு அதன் பக்கத்தில் குந்தியிருந்தான்.

"தணிகாசலம், இவன் பெட்ரோல்ல கலக்குற ஆயிலை வித்துட்டான். ஆயில் இல்லாம ஓட்டி இன்ஜினைக் காலி பண்ணிட்டான். நீ பார்த்து ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, இன்னிக்கே இவனை வீட்டுக்கு அனுப்புறேன்."

"புள்ளைங்க மேல சத்தியமா கலந்தேன் சார்," என்றான் அப்பாவு.

"அதுங்களையும் ஏன்யா இழுக்குற?"

பிளக்குகளைக் கழற்றினேன். மேல் சிலிண்டரின் பிளக்கில் வெள்ளிப் பொடி ஒட்டியிருந்தது. உருகிய பிஸ்டனின் அலுமினியம். பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து, ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை இழுத்தேன். கீழ் சிலிண்டர் விரலைத் தள்ளியது. மேல் சிலிண்டர் மூச்சு விட்டதோடு சரி. ஹெட்டைக் கழற்றினேன். மேல் பிஸ்டனில் நெடுகக் கீறல். சிலிண்டரில் மயிரிழை விரிசல். கீழ் பிஸ்டன் வழவழவென்று இருந்தது. பேரிங்கில் எண்ணெய் ஈரம்.

"ஆயில் இருந்திருக்கு சார். இல்லேன்னா ரெண்டுமே போயிருக்கும். இது சூட்டுல போனது."

இன்ஜினைக் குளிர்விக்க அடியில் தண்ணீர் உறிஞ்சும் துளைகளைப் பார்த்தேன். ஆகாயத்தாமரை வேர் அடைத்திருந்தது.

"பின்னாடி தண்ணி பீச்சி அடிக்குமே, அது நின்னதைப் பார்க்கலையா?" என்று அப்பாவுவைக் கேட்டேன்.

"பார்த்தேன் சார். கொதியா கொதிச்சிச்சி. பம்புசெட்டு மாதிரிதானன்னு மூடியக் கழட்டி ஏரித் தண்ணிய மொண்டு ஊத்துனேன்."

விரிசல் வந்த வழி தெரிந்தது. பலராமன் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்ஜினுக்குத் தலைக்கு ஊத்தினியா? சீயக்காய் போடலையா? தெரிஞ்சேதான ஓட்டுன?"

"பிள்ளைப்பாக்கம் ஜனம் ஏறிக்கினு இருந்திச்சி சார். கைக்கொழந்தைங்க வேற. நடு ஏரில நிறுத்தினா வெள்ளம் இழுத்துனு பூடும். எல்லாரையும் கரையில எறக்கி வுட்டுட்டுத்தான் நிறுத்துனேன். அதுவரிக்கும் ஓடிக்கினுதான் சார் இருந்திச்சி."

பலராமன் என்னைப் பார்த்தார். "கொதிக்குதுன்னு தெரிஞ்சும் ஓட்டினா, தப்பு இவனுதுதானே?"

அப்பாவுவும் என்னைப் பார்த்தான்.

"நிறுத்தக்கூடிய இடமில்லை சார். இவன்மேல தப்பு சொல்ல மாட்டேன்."

பலராமன் முனகிக்கொண்டே ஜீப்பில் ஏறினார். "சரி, வேலை பார்த்துத் தொலையட்டும். இனிமே தண்ணி ஊத்தினே, உன்னை ஏரியில ஊத்திடுவேன்யா," என்று கத்திவிட்டுப் போனார்.

அப்பாவு என்னைக் கும்பிட்டான். நான் கையைத் துடைக்கத் துணி தேடினேன்.

ரத்னா வயிற்று வலி என்றபோது சோடா வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் நெற்றி கொதித்தது. மழைக் காய்ச்சல் என்றேன். அவள் தண்ணீர் இறைத்தாள், சமைத்தாள், பாத்திரம் தேய்த்தாள். நடமாடிக்கொண்டுதானே இருக்கிறாள் என்று ஓ.டி.க்கு ஒப்புக்கொண்டேன். நான் கரையில் இறக்கிவிட வேண்டியவர்கள் யாரும் இல்லை. எந்த நிமிடமும் நிறுத்தியிருக்கலாம். செல்லம்மாள் ஆள் அனுப்பி நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரத்னாவுக்கு நினைவு இல்லை. குடல்வால் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். முந்தின நாளே கொண்டுவந்திருக்கலாமே என்றார்.

"இன்னா சார், சாப்டலியா?" என்றான் அப்பாவு. "பையெல்லாம் நனைஞ்சி கீது பாரு."

டிபன் பாக்ஸிலிருந்து மோர் வழிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையும் இதே பாக்ஸ்தான். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ரத்னா வாசலில் நீட்டினாள்.

"மூடி சரியில்ல. சாய்க்காம எடுத்துனு போங்க."